தலைகீழாகத் தொங்கிய என் மகனுக்கு

அன்பு மகன் பாக்கிசீரியஸுக்கு,

அன்னவாசல் மக்களே, அக்கம்பக்கத்து ஆடுகளே, எதிர்வீட்டு மாடியில் எந்நேரமும் வேடிக்கை பார்க்கும் காக்கைகளே, எல்லோரும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். இன்று காலை காபி ஆறிக்கொண்டிருந்த நேரத்தில், என் மகனின் உச்சந்தலையில் புதிதாக ஒரு முள் முளைத்திருப்பது முறைப்படி கண்டறியப்பட்டது. நீளம் ஓர் எறும்பு. நிறம் இளஞ்சிவப்பு. முள்ளும் மகனும் நலம். தொட்டுப் பார்த்து உறுதிசெய்த தகப்பனின் விரலில் மட்டும் லேசான ரத்தம்.

இதை நீ படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நீ ஒரு கள்ளிச்செடி. நான் பன்னிரண்டாம் வகுப்பை இப்போதுதான் முடித்தவன். தகப்பன் என்று சொல்லிக்கொள்ள மீசைகூட இன்னும் முழு ஒத்துழைப்புத் தரவில்லை. ஆனாலும் விதையிலிருந்து வளர்த்தவனுக்குத் தகப்பன் என்றுதானே பேர்? திங்கட்கிழமை காலை நான் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுகிறேன். கல்லூரி, ஹாஸ்டல், நான்கு வருஷம். எல்லா வீட்டிலும் பிள்ளை படிக்கப் போவான், தகப்பன் வாசலில் நின்று புத்தி சொல்வான். நம் வீட்டில் தகப்பன் படிக்கப் போகிறான், பிள்ளை வாசலில் நிற்கிறான், அதுவும் ஒற்றைக்காலில். ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் போட்டு, "சார், எம்பையனையும் கூடக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டேன். "உனக்கு என்ன வயசுப்பா?" என்றார். "செடி சார், கள்ளிச்செடி" என்று விளக்கினேன். போனை வைத்துவிட்டார். ஆக, நீ இங்கேதான். உன்னைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் என் அம்மா. உறவு முறைப்படி அவள் உனக்கு அப்பத்தா. நாற்பதைத் தாண்டி ரொம்ப நாள் ஆகவில்லை என்பதால் அந்தப் பட்டம் கேட்டாலே கரண்டியைத் தூக்குவாள். உன்னை ஒருமுறை கிட்டத்தட்டக் கொன்றவளும் அவள்தான். நான் லீவுக்குத் திரும்பி வரும்போது நீ உயிரோடு நிற்பாயா? இந்த ஒரு யோசனையில் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தோசைதான் இறங்குகிறது.

முதலில் உன் குலப்பெருமை. உன் பூர்வீகம் மெக்சிகோ பாலைவனம். அங்கே உன் சொந்தக்காரர்கள் எல்லாம் செடி இல்லை, மரம். அடிமரத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் கட்டிப்பிடிக்க முடியும் (யாரும் முன்வருவதில்லை, அது வேறு விஷயம்). அதற்கு மேல் தூண் தூணாகக் கைகள் கிளம்பி, நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு நிற்குமாம். நூறு வருஷம் தாண்டியும் அசராதாம். பூப்பது மட்டும் ராத்திரியில். வௌவால் வந்து தேன் குடிக்குமாம். இந்தப் பக்கத்தில் உன்னை வைத்திருக்கிற இன்னொரு வீட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் ஏழாவது படிக்கும்போது அப்பா மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்தார். அங்கே கிரேன் ஓட்டுகிறார். கூட வேலை பார்த்த யாரோ கொடுத்தது என்று ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். உள்ளே கறுப்பு எள் மாதிரி விதைகள். "மரமாகுமாம்டா. நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, இத நோண்டு" என்றார். பொட்டலத்தின் மேல் அதன் தாவரப் பேர், 'பாக்கிசீரியஸ்' என்று எழுதியிருந்தது. நம் வீட்டில் நான் விளையாட்டு, அப்பா போனில் விளையாட்டு, அம்மா முகத்தைப் பார்த்தால் தெரியாத விளையாட்டு. பாக்கி ஒரே சீரியஸ் நீதான். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நீ பிறந்த கதையைக் கேள். ஒரு தயிர் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டேன். சலித்த மணலும் செங்கல் தூளும் சமமாகக் கலந்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஆறவிட்டேன். இல்லையென்றால் பூஞ்சை வந்துவிடும். விதையைப் புதைக்கவில்லை, மேலாகத் தூவினேன். மூடியைப் போட்டு, வெளிச்சம் வரும் ஆனால் வெயில் அடிக்காத ஜன்னலில் வைத்தேன். கொஞ்ச நாளில் கடுகுக்குப் பச்சைச் சாயம் அடித்தது மாதிரி ஒரு கூட்டம் எழுந்து உட்கார்ந்திருந்தது! நான் குதித்த குதியில் மேசை ஆடியது. சந்தோஷம் தாங்காமல் குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டேன்: "நம் வீட்டில் புது வாரிசு பிறந்திருக்கிறது. எடை ரொம்பக் குறைவு. பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். எல்லோரும் வேண்டிக்கொள்ளவும்."

மறுநாள் காலையிலேயே திருவரங்குளத்து அத்தை, என் அப்பாவின் தங்கை, பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டாள். ஒரு கையில் ரஸ்க் பொட்டலம், ஆப்பிள், இன்னொரு கையில் குழந்தை சோப்பு, கண்ணில் தண்ணீர்.

"ஏன் அண்ணி, மாசமா இருந்ததக்கூட எங்கிட்டச் சொல்லல? எங்கண்ணன் ஊர்ல இல்லைன்னா நான் அத்துப்போயிட்டனா?"

வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா வாளியோடு நிமிர்ந்தாள். "யாரு மாசமா இருந்தா?"

"புள்ள எங்க? பொட்டிக்குள்ள வச்சிருக்காகளாமே, எந்த ஆஸ்பத்திரி?"

நான் தயிர் டப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து அத்தை முன்னால் நீட்டினேன்.

"இதுல எங்கடா புள்ள?"

"உத்துப் பாருங்க அத்தை. அந்தா, பச்சையா, முழிச்சிக்கிட்டு இருக்கான்."

ரஸ்க் பொட்டலம் என் தலையில் உடைந்தது. அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், அத்தை திட்டினாள், பிறகு அத்தையும் சிரித்தாள், நான் உதிர்ந்த ரஸ்கைப் பொறுக்கித் தின்றேன். போகும்போது அத்தை டப்பாவுக்குள் இன்னொரு தடவை எட்டிப்பார்த்துவிட்டு, "எங்கண்ணன் சாடை கொஞ்சம் இருக்கு" என்றாள். உனக்குக் கிடைத்த முதல் சொந்தம் அது. மறந்துவிடாதே.

அந்தக் கூட்டத்தில் கடைசிவரை நின்றவன் நீ ஒருவன்தான். மற்றவர்கள் என் அறியாமைக்கும் ஒரு நத்தைக்கும் இரையானார்கள். உனக்கு முதல் இரண்டு வருஷம் மத்தியான வெயில் படாமல் பழைய கொசுவலையில் பந்தல் போட்டேன்; சின்ன வயசுக் கள்ளி வெயிலில் வெந்து மஞ்சளாகிவிடும், பாலைவனத்திலேயே அவை ஏதாவது புதர் நிழலில்தான் வளருமாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முழு வெயிலுக்குப் பழக்கினேன். மண் விஷயத்தில் நான் கறார்: பாதிக்குப் பாதி பொடி ஜல்லி, மீதி செம்மண் சரளை, கண்மாய் வண்டல் ஒரு பிடிகூடக் கிடையாது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஐஸ் குச்சியைச் செருகி எடுப்பேன். மண் ஒட்டியிருந்தால் செம்பைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவேன். இத்தனை செய்தும் நீ வளர்ந்த வேகம் இருக்கிறதே! என்னோடு படித்தவன் ஒருவன் வாழைக்கன்று வைத்து, குலை வெட்டி, சிப்ஸ் போட்டு எங்களுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். நீ ஒன்றரைச் சாண். வெள்ளிக்கிழமை தோறும் அப்பா வீடியோவில் வருவார்.

"எங்கடா மரம்?"

"உங்களுக்கு நேராத்தான் இருக்குப்பா."

"அந்தச் செடியக் கொஞ்சம் அங்கிட்டு நகத்து, பின்னாடி மரம் மறைக்கிது பாரு."

நீ அசரவில்லை. அதுதான் உன்னிடம் எனக்குப் பிடித்தது. நான்கு வருஷமும் அப்படியே இரு. பக்கத்தில் நிற்கும் முருங்கை இரண்டு மழைக்குள் கூரையைத் தொடும். அதைப் பார்த்து நீ விலாவைக் குறுக்கிக்கொள்ளாதே. முக்கியமான புத்திமதி இது: எந்தக் காரணத்துக்காகவும் வாடினாற்போல நிற்காதே. நீ கொஞ்சம் சுருங்கினால் அது உன் உடம்பில் இருக்கும் தண்ணீரை நீயே எடுத்துச் செலவழிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்கு இரக்கம் வந்துவிடும். அவள் இரக்கம் செம்பில் வரும்.

போன ஐப்பசியில் அப்படித்தான் வந்தது. எனக்குப் பள்ளியில் காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு. மழை தொடங்குவதற்கு முன்னால் உன் மண் காய்ந்து கிடப்பதை அம்மா பார்த்திருக்கிறாள். தினமும் அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுவந்து உன் காலடியில் ஊற்றியிருக்கிறாள். அந்தத் தண்ணீரில்தான் நம் வீட்டு முருங்கையும் கறிவேப்பிலையும் கொழித்து நிற்கின்றன. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மேலிருந்து மழை, கீழிருந்து கஞ்சி. ஒருநாள் சாயங்காலம் பார்க்கிறேன், உன் அடித்தண்டு பழுத்த வாழைப்பழம் மாதிரி காப்பிக் கலரில் கொளகொளவென்று இருக்கிறது. மூக்கை வைக்க முடியவில்லை.

"ஏம்மா, கள்ளிக்கு யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா?"

"தண்ணி எங்கடா ஊத்துனேன்? அரிசி களஞ்சதுல்ல ஊத்துனேன். அம்புட்டும் சத்துடா."

"சத்தா? செத்தேபோச்சும்மா!"

இங்கேதான் மகனே, உன் தகப்பன் யார் என்பதை உலகம் கண்டுகொண்டது. அழுகிய கள்ளியைக் காப்பாற்றுவது எப்படி என்று இன்றைக்கு எங்கெங்கிருந்தோ என்னைக் கேட்கிறார்கள். கள்ளி வளர்ப்போர் குழு ஒன்றில் இருக்கிறேன் அல்லவா, அதில் நான் எழுதிய முறை இதுதான்: அழுகிய பாகத்தைக் கூர்மையான கத்தியால் சீவித் தள்ளி, காப்பிக் கலர் வளையம் ஒன்றுகூட இல்லாத பச்சைச் சதை தெரியும் வரைக்கும் வெட்டு. வெட்டுவாயில் மஞ்சள் தூளை அப்பு, கிருமி அண்டாது. உடனே மண்ணில் வைக்காதே. அதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. காற்றோட்டமான, மழை படாத இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடு. வெட்டுவாய் மேலே பார்த்துக்கொண்டு எந்தப் பக்கமும் ஒட்டாமல் உலர்ந்து, தோல் மாதிரி இறுகும். மாதம் ஒன்று போனால் முளைகட்டின பயறு மாதிரி வெள்ளை வேர்கள் எட்டிப்பார்க்கும். அப்போது காய்ந்த ஜல்லிக் கலவையில் உட்கார வைத்து, வேர் பிடித்த பிறகு தண்ணீரைக் காட்டு. குழுவில் இதற்கு 'அன்னவாசல் முறை' என்றே பேர் வைத்துவிட்டார்கள்! எங்கள் வீட்டில் முறை செய்ய அத்தை இருக்கிறாள், முறை கண்டுபிடிக்க நான் இருக்கிறேன். தேனியில் ஒரு அக்கா இதே மாதிரி செய்து தன் செடியைப் பிழைக்கவைத்துப் படம் அனுப்பினார். போன ஞாயிற்றுக்கிழமை குழுவினருக்கு வீடியோவில் உரை. அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைகீழ் உலர்த்தலின் விஞ்ஞானம் என்று முக்கால் மணி நேரம் விளாசினேன்.

சரி, நேற்றைக்கு வருவோம். நான் இல்லாத நான்கு வருஷம் தொட்டியில் இருந்தால் உனக்கு ஆபத்து அதிகம் என்று உன்னைத் தரையில் இறக்க முடிவுசெய்தேன். கேட்டுக்கு மேற்கே, மழைத்தண்ணீர் தேங்காத மூலையில், மாடி கட்டி மிஞ்சிய ஜல்லியையும் சரளையையும் கொட்டி முழங்கால் உயரத்துக்கு மேடு போட்டேன். உன் தெற்குப் பக்கத்து முள்ளில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி அடையாளம் வைத்தேன். வெயிலுக்குப் பழகிய பக்கமே மறுபடியும் வெயிலைப் பார்க்க வேண்டும், மாறினால் தோல் கருகிவிடும். பழைய செய்தித்தாளைக் கயிறு மாதிரி முறுக்கி உன் இடுப்பில் சுற்றி, ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அம்மா பிடித்தாள். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நகர்ந்தோம். மேட்டில் உன்னை உட்கார வைத்து, சுற்றிலும் கல் அடுக்கிவிட்டு, அம்மாவுக்குப் பரீட்சை வைத்தேன்.

"இன்னும் ஒரு வாரத்துக்குத் தண்ணியே கூடாது."

"சரி."

"அரிசி களஞ்சது?"

"கூடாது."

"மோர்?"

"ஏண்டா, அதுக்கு என்ன விருந்தா வைக்கப் போறேன்? கூடாது."

"மழை விடாமப் புடிச்சா?"

"பெரிய வாளியக் கவுத்து, மேல கல்லத் தூக்கி வைக்கணும். வெறிச்சதும் எடுத்துறணும்." எல்லாவற்றுக்கும் சரியான விடை. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தவள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாஞ் சரி. நாளப்பின்ன திரும்பவும் அழுகிருச்சுன்னா என்ன செய்யிறது? நீ தலகீழாத் தொங்கவிட்டியே, அத எப்புடின்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுத்துட்டுப் போ. எனக்கு அதெல்லாம் தெரியாதுல்ல."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. உதட்டில் ஒரு துடிப்பு இல்லை. ஊரையே ஏமாற்றும் என் முகம் யாரிடமிருந்து வந்தது என்று அந்த நொடியில்தான் விளங்கியது.

"அன்னிக்கு நான் பேசுனதக் கேட்டியாம்மா?"

"அடுப்படியிலதான கெடந்தேன்? நல்லாப் பேசுனப்பா. மஞ்சள் எதுக்குன்னு வெளக்குன பாரு, கிருமி சாகும்னு. எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்."

சரி மகனே. இனி மறைக்க இடமில்லை. அந்த ஐப்பசி சாயங்காலம் நான் உன்னைத் தொட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு உன்னைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து, கொல்லையில் குப்பைக்குழியில் போட்டேன். அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் பார்த்த வைத்தியம் இவ்வளவுதான். மாடிக்குக் கூரை போட்டு, அடியில் தாங்கிய சென்ட்ரிங் பலகையைப் பிரித்த வாரம் அது. திருஷ்டிக்கு ஏதாவது கட்டுங்கள் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். "இம்புட்டு முள்ளக் குப்பையில போட்டுட்டு, கடையில போயி வேற கள்ளி வாங்குவாகளா?" என்று அம்மா உன்னைத் தூக்கி வந்திருக்கிறாள். நாற்றம் பிடித்த அடியை அரிவாள்மனையில் வைத்து, நாற்றம் போகும்வரை நறுக்கித் தள்ளினாள். வீட்டு முகப்பில் எதைக் கட்டினாலும் மஞ்சள் பூசித்தான் கட்டுவார்கள், பூசினாள். திருஷ்டிக் கள்ளியைத் தலைகீழாகத்தான் கட்டுவார்கள், கட்டினாள். மீசை வரைந்த பூசணிக்காய்க்கும் படிகாரத்துக்கும் நடுவில், கறுப்புக் கயிற்றில், மழை படாத புதுக் கூரைக்கு அடியில் நீ தொங்கினாய். நான் தினமும் அதன் கீழேதான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி பல்பு மாற்றும்போது உச்சந்தலையில் ஏதோ குத்தியது. திரும்பினால் நீ! முளைகட்டின பயறோடு! அலறிக்கொண்டு அவிழ்த்தேன். அதற்கு முன்னால் ஒரு படம் எடுத்தேன். படத்தின் ஓரத்தில் பூசணிக்காயின் மீசை தெரிந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் குழுவில் போட்டேன்.

முக்கால் மணி நேரம் நான் விளக்கிய விஞ்ஞானம் முழுவதும், நீ தொங்கி முடித்த பிறகு நான் தேடிப் படித்தது. ஆகவே நீ என்னை நினைத்து ஏங்க வேண்டாம். நீ கலங்க வேண்டியது நான் லீவுக்கு வந்து உனக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று கிளம்பும் நாட்களில்தான்.

இன்று காலை குழுவில் உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டுவிட்டேன், பூசணிக்காய் மீசையோடு முழுப் படத்தையும் சேர்த்து. கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று பயந்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெட்டி அடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆள் மாற்றி ஆள் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: "தம்பி, அம்மா நம்பர் கிடைக்குமா?"